வராதவருக்கு ஒன்பது மதிப்பெண்

வணிகர் சங்கத்தின் தேர்வுக் குழுவில் டயரக்காவைப் போட்டபோது அவள் வாய் திறப்பாள் என்று யாரும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் போட்டிருக்கவே மாட்டார்கள்.

தேய்ந்துபோன லாரி டயரின் முகத்தைச் சுரண்டி எடுத்து, புது ரப்பர் பட்டை ஒட்டி, இரும்புச் சேம்பருக்குள் தள்ளி, ஆவியில் வேகவைத்து எடுப்பது அவள் தொழில். கணவர் இருந்த காலத்தில் சுரண்டுகிற இயந்திரத்தில் நின்றவள். அவர் போன பிறகு பட்டறையையே தலையில் தூக்கிக்கொண்டாள். கூடமாட இருப்பவன் தம்பி. வேலையாட்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். வருகிற டயரில் முக்கால்வாசி சங்கத் தலைவரின் கம்பி ஆலை லாரிகளுடையது. அதுதான் அவளுக்குக் குழுவில் இடம் கிடைத்த ரகசியம். பெண் ஒருத்தி இருந்தாற்போலவும் ஆயிற்று, சின்னத் தொழிலை மதித்தாற்போலவும் ஆயிற்று, தலைவர் கை தூக்கும்போது கூடவே ஒரு கை எழும்பினாற்போலவும் ஆயிற்று.

சட்டமன்றத் தேர்தல் வரும்போதெல்லாம் சங்கம் வேட்பாளர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்கும், மதிப்பெண் போடும். முதல் தரம் யாருக்கோ அவர் படம் கடைத்தெருவில் ஒவ்வொரு கடை வாசலிலும் தொங்கும். சில நூறு ஓட்டு இப்படி அப்படிப் போனால் ஆள் மாறிவிடுகிற தொகுதி அது. ஆகவே வேட்பாளர்கள் இந்த மாடிப்படியை மரியாதையோடு ஏறுவார்கள்.

சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. குழுவில் இருக்கிற ஐந்து பேரும் ஒத்துக்கொண்டால்தான் தரம் வெளியே போகும். ஒருவர் மறுத்தாலும் அந்தத் தேர்தலில் சங்கம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பெரிய நியாய தர்மம் பார்த்து வந்த வழக்கமல்ல. முன்னொரு தடவை கடைசித் தரம் வாங்கிய ஆள் ஜெயித்துத் தொலைத்தார். யார் யார் எதிராகக் கை தூக்கினார்கள் என்று துருவி விசாரித்து, ஒவ்வொரு கடையாக ஆள் அனுப்பி உயிரை எடுத்தார். அன்றிலிருந்து கொடுத்தால் எல்லாரும் சேர்ந்து கொடுப்பது, இல்லாவிட்டால் சும்மா இருப்பது. தனியாக யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

சங்கக் கூடம் ஒரு பெயிண்ட் கடைக்கு மேல் இருந்தது. எப்போதும் தின்னர் வாடை. நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை, உட்கார்ந்தால் புடவை ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி போட்ட நீள மேசையின் ஒரு பக்கம் ஐவர். நடுவில் தலைவர். வலது கைப்பக்கம் குளிர்பதனக் கிடங்கு வைத்திருக்கும் செயலாளர். இடது பக்கம் நகைக்கடைக்காரர், அவர் வந்து உட்கார்ந்ததுமே கண்ணயர்ந்துவிட்டார். ஓரத்தில் மருந்துக்கடைக்காரரும் டயரக்காவும்.

முதலில் வந்தவர் டுடோரியல் வைத்திருக்கும் வாத்தியார். எதைக் கேட்டாலும் சரி என்றார்.

"கரண்டு கட்டணம் ஏறிக்கிட்டே போகுது," என்றார் செயலாளர்.

"குறைச்சிடுவோம்."

"லைசென்ஸ் புதுப்பிக்க அலையவிடறாங்க."

"லைசென்ஸையே எடுத்துடுவோம்."

மருந்துக்கடைக்காரர் முகத்தைச் சுருக்காமல் கேட்டார்: "மழை சாயங்காலத்துல பெய்யுது சார். வியாபார நேரம். கொஞ்சம் மாத்தி விட முடியுமா?"

"மேலிடத்துல பேசுறேன் சார்," என்றார் வாத்தியார், சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று விழித்தார். நகைக்கடைக்காரரே கண் திறந்து சிரித்தார். டயரக்காவும் சிரித்தாள். அதுவரைக்கும் அன்றைய பொழுது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அடுத்து வந்தவர் தீயணைப்பு நிலையத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த நாளின் நிமிர்வு முதுகில் அப்படியே இருந்தது. புறங்கையில் வெந்து ஆறிய தழும்பு. தலைவர் அவரிடம் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சொல்லாம கொள்ளாம ஆலைக்குள்ள வந்து சோதனை போடறதைப் போன சட்டமன்றத்துல எடுத்தாங்க. எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு முதலாளியே எழுதிக் கொடுத்தா போதும்னு ஆச்சு. தொழில் மூச்சு விடுது. நீங்க என்ன சொல்றீங்க?"

"திரும்பக் கொண்டு வருவேன்."

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சதுனாலதான் தேர்தல்ல நிக்கிறேன்."

கூடத்தில் ஒரு இறுக்கம் வந்தது. போன கோடையில் தலைவருடைய ஆலையில், பழுக்கக் காய்ந்த கம்பி உருளையிலிருந்து துள்ளி ஒருவன் தொடைக்குள் புகுந்துவிட்டது. குளியலறையில் வழுக்கி விழுந்தான் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எந்தக் குளியலறையில் கம்பி பழுக்கிறது என்று தெருவே கேட்டது, வாய்க்குள்ளே. அந்தப் பேச்சை அதிகாரி எடுக்கவில்லை. எடுக்காததே தலைவருக்கு எரிச்சலாக இருந்திருக்க வேண்டும். பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

டயரக்கா கேட்டாள்: "என் பட்டறை மாதிரிச் சின்ன இடத்துக்கும் வருவாங்களா?"

"உங்க இடத்துக்குத்தாம்மா முதல்ல வரணும். பின்பக்கக் கதவை மறைச்சுப் பழைய டயரை அடுக்கி வச்சிருக்கீங்க. சந்து வழியா வர்றப்போ பார்த்தேன். தீப்பிடிச்சா உங்க ஆளுங்க எங்கம்மா ஓடுவாங்க?"

"இடம் பத்தலைங்க."

"தெரியும். எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. சொன்னவங்கள்ல சில பேரை நானே தூக்கிட்டு வந்திருக்கேன்."

அவளுக்குக் காது சூடாகிவிட்டது. ஓட்டுக் கேட்க வந்த மனுஷன் இப்படியா பேசுவான், நாலு பேர் முன்னால் முகத்தில் அடித்த மாதிரி. இவருக்கு ஓட்டுப் போட்டால் நம் பட்டறைக்குப் பூட்டுத்தான் என்று மனசுக்குள் திட்டினாள். இருந்தாலும் அவர் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டபோது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகிற ஆள் என்றும் தோன்றியது.

மூன்றாமவர் இப்போதைய சட்டமன்ற உறுப்பினர். சோதனைச் சட்டத்தை எடுத்த புண்ணியவான். அவருக்காகத் தனியாக ஒரு மெத்தை போட்ட நாற்காலியே எதிரில் கொண்டுவந்து வைத்தார்கள். ஆள் வரவில்லை. தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது, நகைக்கடைக்காரர் ஒரு தூக்கம் தூங்கி எழுந்தார். கடைசியில் உதவியாளர் ஒருவன் பழக்கூடையோடு வந்தான்.

"ஐயாவுக்கு அவசர வேலை. உங்க அன்பு எப்பவும் இருக்குன்னு தெரியும்னு சொல்லச் சொன்னாரு." கூடையை மெத்தை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

"சரி, மார்க்குக்குப் போவோம்," என்றார் தலைவர், ஆள் வந்து பேசிவிட்டுப் போன மாதிரி.

செயலாளர் வாசித்தார். தொழில் அறிவு, வாத்தியாருக்கு நான்கு, அதிகாரிக்கு மூன்று, உறுப்பினருக்கு ஒன்பது. தெளிவான பதில், வாத்தியாருக்கு ஐந்து, அதிகாரிக்கு இரண்டு, உறுப்பினருக்கு ஒன்பது. வணிகர்களுக்குக் காட்டும் மரியாதை, வாத்தியாருக்கு ஆறு, அதிகாரிக்கு ஒன்று, உறுப்பினருக்கு ஒன்பது.

டயரக்காவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. யாரோ கிண்டல் பண்ணுகிறார்கள் என்று சுற்றிப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. அந்த நிமிஷத்தில் சிரிப்பு கோபமாக மாறியது.

"இருங்க. தெளிவான பதில்னு சொன்னீங்களே, பதில் சொன்னது யாரு? பழக்கூடையா?"

மருந்துக்கடைக்காரர் இருமல் வந்ததுபோல் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, நீ குழுவுக்குப் புதுசு," என்றார் தலைவர் இதமாக. "அவரை நமக்குப் பத்து வருஷமாத் தெரியும். பழகின ஆளுக்குப் பரீட்சை எதுக்கு?"

"அப்ப மத்த ரெண்டு பேரை எதுக்குண்ணே கூப்பிட்டீங்க? வேலை வெட்டியை விட்டுட்டு அவங்க படியேறி வரணும், நாம கேள்வி கேக்கணும், அவங்க வேர்த்து வழியணும். வராத மனுஷனுக்கு மரியாதைல ஒன்பது. வந்தவருக்கு ஒன்னு."

"அந்த அதிகாரி உன் பட்டறையவே குத்தம் சொன்னாரும்மா," என்றார் செயலாளர். "உனக்குச் சூடு சொரணை வேணாமா?"

"சொன்னாரு. எனக்கும் எரிஞ்சுது. அவருக்கு முதல் தரம் கொடுங்கன்னு நான் கேக்கல. பதில் தெளிவா இருந்துச்சா இல்லையான்னு கட்டம் போட்டிருக்கு. தெளிவா இருந்துச்சு. அதானே உங்களுக்குப் பொறுக்கல?"

தலைவர் மற்றவர்களைப் பார்த்தார். "எல்லாரும் கீழ போய் ஒரு டீ சாப்பிட்டு வாங்களேன்."

மேலேயே டீ இருந்தது. ஆனாலும் எழுந்து போனார்கள். மருந்துக்கடைக்காரர் அவளைத் தாண்டும்போது தரையைப் பார்த்துக்கொண்டே போனார்.

தனியாக இருந்தபோது தலைவர் குரல் இன்னும் இதமானது. "உன் பட்டறைல எத்தனை பேரு வேலை செய்யறாங்க?"

"தெரியாத மாதிரிக் கேக்குறீங்களேண்ணே."

"தெரியும். அவங்கவங்க வீட்ல எத்தனை வயிறுன்னும் தெரியும். அதனாலதான் கேக்குறேன்."

சின்ன வயதில் அம்மாவோடு கல் உடைக்கிற இடத்துக்குப் போன நாட்களில் மேஸ்திரிகள் இப்படித்தான் பேசுவார்கள். கத்துகிறவனைவிட, மெதுவாகப் பேசுகிறவனைக் கண்டுதான் பெண்கள் பயப்படுவார்கள். அம்மா அப்போதெல்லாம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி குனிந்துகொள்வாள். அந்தக் குனிந்த முதுகை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உங்க டயரைப் பார்த்து இது இனிமே தாங்காதுன்னு நான் சொன்னா, நீங்க அதைத் தூக்கிப் போட்டுடறீங்க. ஏன்? நான் பொய் சொல்ல மாட்டேன்னு தெரியும். இங்க மட்டும் பொய் சொல்லச் சொன்னா எப்படிண்ணே?"

"இது டயர் இல்லம்மா. அரசியல்."

"அது எனக்குத் தெரியாது. ஆளே வரல. கை தூக்க மாட்டேன்."

மற்றவர்கள் மேலே வந்ததும் வாக்கெடுத்தார்கள். நான்கு கை தூக்கப்பட்டது. அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு மேசைக் கண்ணாடியில் தெரிந்த மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழக்கப்படி சங்கம் வாய் மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

மறுநாள் காலை பட்டறைக்கு வந்தபோது ஷட்டரில் உறுப்பினரின் முகம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அடியில் கொட்டை எழுத்தில்: 'முதல் தரம். வணிகர் சங்கத் தேர்வுக் குழுவின் ஒருமனதான முடிவு.' கீழே ஐந்து பேருடைய கடைப் பெயரும். ஐந்தாவதாக அவளுடைய பட்டறை.

பசை இன்னும் காயவில்லை. அவள் அப்படியே நின்றாள். மறுப்பதற்குக்கூட ஒரு மரியாதை இல்லாமல் போய்விட்டதே என்றுதான் முதலில் பட்டது. நான்கு பேர் முடிவு என்று போட்டிருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டு போயிருப்பாள். ஒருமனதாமே. யார் மனது? அவள் மனதை யார் எடுத்து அச்சடித்தது?

மருந்துக்கடைக்காரர் கடை திறக்காமல் அவளுக்காகக் காத்திருந்தார். "அக்கா, தலைவர் சொல்லிவிட்டாரு. நீங்க ஒன்னும் செய்ய வேணாமாம். ஒட்டினது ஒட்டினபடி இருந்தா போதும். லாரி வழக்கம்போல வரும்."

"கிழிச்சா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க ஏன் கை தூக்கினீங்க?"

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க கல்யாணத்துக்கு நிக்குதுக்கா."

"அதுங்க கல்யாணத்துக்கும் அந்தாளு வர மாட்டாரு. பழக்கூடைதான் வரும்," என்றாள். சொன்னபிறகு அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. திட்ட வேண்டிய ஆள் இவரல்ல.

உள்ளே தம்பி விடியலிலேயே சேம்பரைப் பற்றவைத்து ஒரு ஈடு டயரை ஏற்றியிருந்தான். எல்லாம் ஆலை லாரிகளுடையது. விஷயம் அவனுக்கும் தெரிந்திருந்தது.

"அக்கா, அது ஒரு காகிதம். மழை பெஞ்சா தானா உரிஞ்சு விழுந்துடும். உன்னை யாரு என்ன கேக்கப் போறா?"

"என் பேரு போட்டிருக்குடா."

"பட்டறை பேருதானே போட்டிருக்கு."

"பட்டறை வேற, நான் வேறயா? உங்க மாமா போனப்புறம் இந்த ரப்பர் புகையை யாரு குடிச்சா?"

"நீதான் குடிச்ச, நான் இல்லேங்கல. நானும் குடிச்சேன். அந்தா நிக்கிறானே அவனும் குடிச்சான். எங்களைக் கேட்டியா நீ? அந்த அதிகாரி வந்தா முதல்ல நம்ம இடத்தைத்தான் மூடுவாரு, அவருக்காக எங்க வயித்துல அடிக்கிற."

"அவருக்காக இல்லடா."

"பின்ன யாருக்காக?"

"பொய்யிடா அது," என்று மட்டும் சொன்னாள். தம்பி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அப்போதுதான் ஆலை லாரி வந்து நின்றது. பின்னால் தேய்ந்த டயர்கள். டிரைவர் இறங்காமல் ஷட்டரை எட்டிப் பார்த்தார். பல வருஷமாக வருகிற மனுஷன், அன்றைக்கு அவள் கண்ணைப் பார்க்கவே கூச்சப்பட்டார்.

"என்னண்ணே, இறக்கலியா?"

"இறக்கத்தாம்மா வந்தேன். போஸ்டர் இருந்தா இறக்கு, இல்லேன்னா திருப்பிட்டு வான்னு முதலாளி சொல்லியிருக்காரு."

அதுவரை கோபம் இருந்தது. இதைக் கேட்டதும் கோபம்கூட இல்லை, அருவருப்பாக இருந்தது. ஒரு டிரைவரை வாசலில் காவல் நிறுத்தி, அவள் ஷட்டரில் அந்த முகம் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் உள்ளே போய், ரப்பர் சுரண்டும் தகட்டை எடுத்துவந்தாள். ஈரம் இருந்ததால் பட்டையாக உரிந்து வந்தது. முகம் முதலில் போயிற்று. 'ஒருமனதான' என்ற எழுத்து மட்டும் கெட்டியாக ஒட்டியிருந்தது, அதைக் கொஞ்சம் அழுத்திச் சுரண்ட வேண்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஒருவர் மட்டும் தன் கடைக் கதவில் இருந்ததைத் தானும் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

டிரைவர் முதலாளிக்குப் போன் போட்டார். மறுபக்கத்துக் குரல் வாசல்வரை கேட்டது.

"அக்கா," என்றார் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "நம்ம டயர் எல்லாத்தையும் திருப்பி எடுத்துட்டு வரச் சொல்றாரு. உள்ள வேகுறதையும். இப்பவே."

"வேகுறதை எப்படி எடுக்க முடியும்? பாதியில எடுத்தா ஓடுறப்போ பட்டை பிச்சுக்கிட்டுப் பறக்கும். லாரி குப்புற விழும். ஓட்டப்போறது யாரு, அவரா?"

"நான்தான்."

"அப்ப அந்த ஸ்டூலைப் போட்டு உட்காருங்க."

டிரைவர் பேச்சைத் துண்டித்துவிட்டு இறங்கி வந்து, ஸ்டூலை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அதற்குள் உள்ளேயிருந்து வேலையாட்களும் வந்து நின்றார்கள். நாளைக்கு என்ன என்று அவர்கள் கேட்கவில்லை, முகத்தில் அதுதான் இருந்தது. "பஸ்காரங்களைப் போய்ப் பார்க்கறேன்," என்றாள் அவள், கேட்காத கேள்விக்கு. "தண்ணி லாரிக்காரங்க இருக்காங்க. கிடைக்காமப் போச்சுன்னா என்னைத் திட்டுங்க. கேட்டுக்கறேன்." கிடைக்கும் என்று அவளுக்கு நிச்சயம் இல்லை. தலைவர் கை எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியும்.

போன் மறுபடி அடித்தது. டிரைவர் எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது.

தம்பி சேம்பர் அருகிலிருந்து வந்தான். அக்கா பக்கம் திரும்பவேயில்லை, உர்ரென்றுதான் இருந்தான். டிரைவர் கையிலிருந்து போனைப் பிடுங்கிக் காதில் வைத்தான்.

"ஐயா, நான் பட்டறையிலேர்ந்து பேசுறேன். வெந்துக்கிட்டு இருக்கு. வெந்ததுக்கு அப்புறம்தான் கதவைத் திறப்போம்." அந்தப் பக்கம் ஏதோ சத்தம் போட்டார்கள். அவன் கொஞ்சம் கேட்டான். "அக்கா இங்கதான் இருக்காங்க. அவங்க சொன்னதைத்தான் நானும் சொல்றேன்," என்று சொல்லி வைத்துவிட்டு, போனை டிரைவர் மடியில் போட்டுவிட்டு, சேம்பரின் அழுத்தமானியைப் பார்க்கப் போனான்.